கதவு வண்டியைப் பார்க்கத் திண்டுக்கல் போனேன்

காலை ஆறு மணி, கரூர் பஸ் ஸ்டாண்டு. திண்டுக்கல் வண்டியில் ஜன்னலோர இடம் எல்லாவற்றிலும் துண்டு கிடந்தது. வெளியே நின்று ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு துண்டை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டேன். துண்டுக்காரன் வந்து முறைத்தான். நானும் முறைத்தேன். அவன் பின்னால் போய்விட்டான். டிக்கெட் ஏழு ரூபாய் சொச்சம். எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு அது அதிகம் என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட்டில் தகடு வேலை செய்பவன். எஞ்சினும் சக்கரமும் டிரைவர் உட்கார ஒரு பலகையுமாக ஓடி வரும் வண்டி, எங்களிடம் சில மாதம் நின்று, கூரையும் சீட்டும் பெயின்ட்டுமாக பஸ் ஆகிப் போகும். போன பிறகு அது எந்த ஊரில் எப்படி ஓடுகிறது என்று எங்களில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. விபத்தில் அடிபட்டுத் திரும்பி வந்தால் பார்ப்போம். அப்படி ஒரு வண்டி வந்தால் முதல் வேலை படிக்கட்டைக் கழுவுவது. தொங்கிக்கொண்டு வந்தவன் எங்கே அடிபடுவானோ அங்கேதான் கறை இருக்கும். சோப்புத் தண்ணீர் போதாது, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இருபது வருஷமாக இதை நான் செய்திருக்கிறேன்.

அதனால்தான் அந்தக் கதவு ஆர்டர் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். திண்டுக்கல் டவுன் பஸ் முதலாளி ஒருவர் சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே பஸ்ஸில் டிரைவர் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் கதவு தானாக மூடிக்கொள்கிறதாம். அதே மாதிரி தன் வண்டிக்கும் வேண்டும் என்று வந்தார். எங்களிடம் வருகிற முதலாளிகள் பொதுவாக இன்னும் நாலு சீட்டு திணிக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். கதவு கேட்ட முதல் ஆள் இவர். அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் என்று இருந்தது.

இரண்டு மாதம் பாடுபட்டோம். மேலே காற்று சிலிண்டர், அதற்கென்று தனியாகச் சின்ன டாங்கி, மடங்கி விரிகிற இரட்டைப் பலகை, கீழே தகடு, மேலே கண்ணாடி, ஓரமெல்லாம் ரப்பர். முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. தகடு முழுக்க நான் அடித்தது. புஸ் என்று காற்று இறங்கி அது முதல் தடவை மூடிக்கொண்டபோது ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சித்திரையில் வண்டி போயிற்று. ஆவணியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, என் சொந்தச் செலவில், அது ஓடுகிறதைப் பார்க்கக் கிளம்பினேன்.

அரவக்குறிச்சியில் முருங்கைக் கட்டுகளை வண்டியின் மேலே ஏற்றினார்கள். அதற்குக் கால் மணி நேரம். வேடசந்தூரில் டிரைவர் இறங்கி இட்லி சாப்பிட்டார். அதற்கு இன்னொரு கால் மணி நேரம். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காய்ந்த சமவெளி, சோளம், கிணற்று மேடு, மறுபடியும் சோளம். பிறகு தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை மொட்டையாகத் தெரியும். தெரிந்த பிறகும் ஊர் வர வெகுநேரம் ஆகும். பாறையைப் பார்த்து அவசரப்பட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றவர்கள் எல்லோரும் கால் கடுக்க நின்றுகொண்டே வந்தார்கள்.

எட்டரை மணிக்குத் திண்டுக்கல். இப்போது தனி மாவட்டத்தின் தலைநகர். பஸ் ஸ்டாண்டு மட்டும் பழைய ஊருக்குப் போட்ட அளவில்தான் இருக்கிறது. வெளியூர் வண்டியும் டவுன் பஸ்ஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. எதிரே வரிசையாகப் பூட்டுக் கடைகள். தெற்கே பேகம்பூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் ஷாப்பு வாடை வருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது தெரிவதாகத் தெரியவில்லை.

ஒரு பெட்டிக்கடையில் நின்று, தானாகக் கதவு மூடும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

"கதவு வண்டியா?" என்றார் கடைக்காரர். "அந்தா நிக்குது பாருங்க, வாயத் தொறந்துக்கிட்டு."

என் வண்டிதான். நீலமும் வெள்ளையும். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். முன்கதவு மடங்கித் திறந்து கிடந்தது. அதன் கைப்பிடியையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. சங்கிலியில் ஒரு திண்டுக்கல் பூட்டு. உள்ளங்கை அகலம், பித்தளை, நல்ல கனம். பின்கதவுக்குப் போனேன். அங்கேயும் சங்கிலி, அங்கேயும் பூட்டு. திருடன் வராமல் இருக்கக் கதவை மூடிப் பூட்டுவதை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். மூடிவிடாமல் இருக்கக் கதவைத் திறந்துவைத்துப் பூட்டியதை அங்கேதான் பார்த்தேன்.

"என்னங்க, பூட்டு வெல கேக்குறீகளா?" என்று ஸ்டியரிங்கில் இருந்து குரல் வந்தது. டிரைவர். ஐம்பது வயதிருக்கும், தாடி, காக்கிச் சட்டை. பேகம்பூர்க்காரர், ரசாக் பாய் என்று பெயர்.

"இந்தக் கதவச் செஞ்சவன் நானுங்க. கரூர்லருந்து வர்றேன்" என்றேன்.

அவர் இறங்கி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா? மாஷா அல்லா. ரெண்டு வாரம், மேஸ்திரி. ரெண்டே வாரம் நான் ராசா மாதிரி ஓட்டுனேன். பின்னாடி எவன் தொங்குறான், எவன் விழுவான்னு கண்ணாடியவே பாக்கல."

"அப்புறம் எதுக்கு இந்தச் சங்கிலி?"

"அத மொதலாளிகிட்டக் கேளுங்க. சாவி அவரு இடுப்புல கெடக்கு."

பிறகு அவரே சொன்னார். இந்தத் தடத்தில் இன்னொரு முதலாளியின் வண்டியும் ஓடுகிறது. காலையும் மாலையும் ரசாக் பாய்க்கு எட்டு நிமிஷம் பின்னால் அது வரும். பழைய வழக்கப்படி எந்த வண்டியும் ஸ்டாப்பில் முழுசாக நிற்பதில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும், ஜனம் தாவி ஏறிக்கொள்ளும். கதவு வண்டியோ முழுசாக நிற்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். படியில் ஒருவர் நின்றாலும் கதவு மூடாது, அவரை உள்ளே ஏற்ற வேண்டும் அல்லது இறக்க வேண்டும்.

"அந்த எட்டு நிமிசமும் நாலாவது ஸ்டாப்புலயே போயிரும். பின்னாடி வர்றவன் ஆரனடிச்சுக்கிட்டே தாண்டிப் போயி முன்னாடி நிக்குற ஜனத்த எல்லாம் அள்ளிருவான். கலெக்சன் விழுந்துச்சு. மூணாவது வாரம் மொதலாளி ரெண்டு பூட்ட வாங்கிட்டு வந்தாரு. கதவக் கழட்டவும் மனசு வரல அவருக்கு. போட்ட காசாச்சே."

"நீங்க சண்டை போடலையா?"

"போட்டேன். நாலு வருசத்துக்கு முன்னாடி என் வண்டியில ஒரு ஆளு தொங்கிட்டு வந்து, பேகம்பூர் வளைவுல கை வழுக்கி, பின்சக்கரத்துல... அவரு பொண்டாட்டி இப்பவும் எங்க தெருவுலதான் இருக்கா. தெனம் பாக்குறேன். அதச் சொன்னேன். மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? பாத்து ஓட்டு பாய்ன்னாரு."

ஒன்பது மணிக்கு வண்டி சின்னாளபட்டிக்குக் கிளம்பியது. பதினொரு கிலோமீட்டர். ஒன்றேகால் ரூபாய் டிக்கெட்டை ரசாக் பாய் கொடுக்கவிடவில்லை. கண்டக்டர் முருகேசன் ஒல்லியான இளைஞன். பேகம்பூரில் கூட்டம் ஏறியது. இரண்டு வாசலிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கினார்கள். நான் ஒட்டிய ரப்பர் ஓரத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பிடிப்பதற்கு அது நன்றாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். வண்டி குலுங்கும்போதெல்லாம் பூட்டு தகட்டில் மோதி டக் டக் என்றது. மோதின இடத்தில் பெயின்ட் போய்ச் சொட்டை விழுந்திருந்தது.

எனக்குப் பக்கத்தில், வெறும் கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பேகம்பூர் பிரியாணிக் கடைக்கு முட்டை போட்டுவிட்டுத் திரும்புகிறாள். பெயர் பாக்கியம். வெள்ளோடு பிரிவில் இறங்க வேண்டியவள்.

"ஏண்ணே முருகேசண்ணே, மத்தியானம் நிப்பாட்டுவீகல்ல?" என்றாள் கண்டக்டரிடம்.

"என்னைக்கு ஆத்தா நிப்பாட்டாமப் போயிருக்கேன்?"

"ரெண்டு தடவ போயிருக்கீக. நான் மறப்பேனா?"

"அது இந்தக் கதவு செஞ்ச வேல. இப்பதேன் பூட்டியாச்சே."

"பூட்டுன கையி நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கதவு மூடினா உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? விழாமப் போலாமே" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள இருக்கவுகளுக்குச் சரி. நான் வெளியில நிக்குறவ." பிறகு விஷயத்தைச் சொன்னாள். வெள்ளோடு பிரிவுக்கும் தோமையார்புரத்துக்கும் நடுவில், நடந்தால் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு நூல் மில்லில் அவள் பதிலி வேலை பார்க்கிறாள். இரண்டு மணி ஷிப்டு. இரண்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் கொண்டுபோய் விடுகிற வண்டி மதியத்தில் இது ஒன்றுதான். இன்னொரு முதலாளி வண்டி மதியம் செம்பட்டிப் பக்கம் போய்விடும். கதவு மூடிய அந்த இரண்டு வாரத்தில் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகி, படியில் நின்ற அவளை இறக்கிவிட்டுக் கதவு மூடிப் போய்விட்டது. இரண்டு நாளும் அவள் மில் கேட்டில் நின்று திரும்பினாள்.

"மூணாவது தடவ லேட்டா வந்தா பேர அடிச்சிருவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. தையி பொறந்தா என்னய நெரந்தரமாக்கணும். இம்புட்டு நாளு பஞ்சுத் தூசிய முழுங்குனது அதுக்குத்தேன்."

"படியில தொங்கி விழுந்தா நெரந்தரம் எதுக்கும்மா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"இன்னைக்கு வரைக்கும் விழல" என்றாள். வெள்ளோடு பிரிவில் வண்டி வேகத்தைக் குறைத்தது. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியிலிருந்து பூனை மாதிரி இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சின்னாளபட்டி. பிரதான ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தெருவின் இரண்டு பக்கமும் சுங்குடிச் சேலைகள் கொடியில் தொங்குகின்றன. சாயத் தண்ணீர் வாய்க்காலில் சிவப்பாக ஓடுகிறது. கிழக்கே சிறுமலை நீலமாகத் தெரிகிறது. பார்க்க நல்ல ஊர். எனக்குப் பார்க்கிற மனம் இல்லை. வண்டி இன்னும் இரண்டு நடை போய்வந்தது. நான் அந்த ஊர் ஸ்டாண்டு எதிரே கிளப்புக்கடையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். வெஞ்சனம் கத்திரிக்காய். அது மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒரு மணிக்கு ஒரு வெள்ளைக் காரும் ஒரு ஜீப்பும் வந்து நின்றன. காரிலிருந்து முதலாளி இறங்கினார். என்னைப் பார்த்து முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார். ஜீப்பில் இருந்து மெட்ராஸ் அதிகாரிகள் மூன்று பேர். சபாரி சட்டை போட்ட பெரியவர், கையில் நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்த இளையவர், எதுவும் பேசாத இன்னொருவர். அவர்களோடு ஒரு பத்திரிகைப் படக்காரர். புதிய தொழில்நுட்பத்தால் நகர பஸ் போக்குவரத்தை எப்படிச் சீர்ப்படுத்தலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்களாம். சின்ன ஊர் முதலாளி ஒருவர் தானாகக் கதவு போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

வண்டி வந்ததும் முதலாளி அதிகாரிகளை டீ சாப்பிட உட்காரவைத்துவிட்டு, வண்டியின் அந்தப் பக்கமாகப் போனார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். இரண்டு பூட்டையும் திறந்தார். சங்கிலிகளைச் சுருட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டார்.

"மேஸ்திரி, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் என்னிடம் மெதுவாக. "ரொம்ப நாளா ஆடாமக் கெடக்கு. மானத்தக் காப்பாத்துங்க."

அவர் மானத்தைப் பற்றி எனக்கு என்ன கவலை? கதவு ஆட வேண்டும் என்பதுதான் என் கவலை. கீல்களைத் துடைத்து கிரீஸ் வைத்தேன். ரசாக் பாய் ஸ்விட்சைத் தட்டினார். முனகியது, திக்கியது, பிறகு புஸ் என்று வந்து மூடியது. ஷெட்டில் மூடினது போலவே மூடியது. ரசாக் பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். படக்காரர் மூடிய கதவுக்கு முன்னால் முதலாளியை நிறுத்திப் படம் எடுத்தார்.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். முன்பக்கத்தில் ஆறு சீட்டைக் காலிசெய்து அதிகாரிகளையும் முதலாளியையும் உட்காரவைத்திருந்தார்கள். சேலை மூட்டையோடு வந்த பெண்கள் நின்றார்கள். நான் வண்டியின் நடுவில் நின்றேன். காந்திகிராமத்தில் ஒரு பெருங்கூட்டம் ஏறியது. புழுக்கம் தாங்கவில்லை. ஆனாலும் யாரும் தொங்கவில்லை. இருபது வருஷத்தில் நான் பார்த்த டவுன் பஸ்களில், படியில் ஒருவரும் இல்லாமல் நிறைந்து ஓடிய வண்டி அது ஒன்றுதான். கடிகாரக்காரர் ஒவ்வொரு தடவையும் கதவு மூடுகிற நேரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எதிர்காலத்தில் பஸ் நேரத்தையெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும்" என்றார் பெரியவர் முதலாளியிடம். முதலாளி பலமாகத் தலையாட்டினார்.

வெள்ளோடு பிரிவு. அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முதல் வரிசையில் பாக்கியம், கையில் தூக்குச்சட்டி. வண்டி வழக்கம்போல் வேகம் குறைத்துப் போகும் என்று நினைத்து அவர்கள் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டார்கள். ரசாக் பாய் முறைப்படி ஸ்டாப்பிலேயே முழுசாக நிறுத்தினார். அவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். முன்னால் நின்ற பாக்கியம் கடைசி ஆள் ஆகிவிட்டாள். கதவு திறந்தது. நாலைந்து பேர் முட்டிமோதி உள்ளே வந்தார்கள். அதற்கு மேல் ஒரு குழந்தைகூட நுழைய முடியாது. எப்படியோ நெருக்கிக்கொண்டு வந்து படியில் ஒரு காலை வைத்துவிட்டாள் பாக்கியம்.

ஸ்விட்சைத் தட்டினார் ரசாக் பாய். கதவு அவள் தோளில் இடித்துத் திரும்பியது.

"படியில் நிற்கக் கூடாதம்மா, கதவு மூடாது" என்றார் பெரியவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், செத்த நேரந்தேன் சார். மில்லுல எறங்கிருவேன்."

"முருகேசா" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார்.

முருகேசன் ஜனத்துக்குள் நீந்தி வந்தான். "ஆத்தா, எறங்கு ஆத்தா. பெரிய ஆபீசருக வந்திருக்காக. இன்னைக்கு ஒரு நாளு."

"இன்னைக்கு ஒரு நாளுதேண்ணே எனக்கும்" என்றாள் அவள்.

நான் நடுவிலிருந்து கத்தினேன். "நான் எறங்கிக்கிறேன்! அந்தம்மாவ ஏத்துங்க!" எனக்கும் கதவுக்கும் நடுவில் முப்பது பேர். ஒருவருக்கும் அசைய இடமில்லை. முதலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நில்லுங்க மேஸ்திரி. உங்க கதவு ஓடுறதப் பாருங்க, அதுக்குத்தானே வந்தீங்க?"

அவள் இறங்கினாள். யாரும் தள்ளவில்லை, அவளேதான் இறங்கினாள். புஸ் என்று கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. அவள் கூடவே ஓடிவந்து தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தடவை அடித்தாள். நான் அடித்துச் சமன்செய்த தகடு. அந்தச் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது.

"பாருங்கள், ஒருவர்கூடத் தொங்கவில்லை" என்றார் பெரியவர்.

"ஐயா," என்றேன், எல்லோர் தலைக்கும் மேலாக. "பின்னாடி பத்துப் பேரு நிக்கிறாங்க. அவங்களுக்கு அடுத்த வண்டி எப்பன்னு உங்க கம்ப்யூட்டரக் கேட்டுச் சொல்லுங்க." சிலர் சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் யார் இது என்று கேட்டார். முதலாளி என்ன சொன்னாரோ தெரியவில்லை. எந்தக் கடிகாரமும் அந்தப் பத்துப் பேரை அளக்கவில்லை.

மில் வாசலில் இறங்கிவிட்டேன். ரசாக் பாய் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் நின்றேன். சங்கு ஊதியது. உள்ளே போகிறவர்கள் ஓடினார்கள். இரண்டு மணிக்கு வாட்ச்மேன் பெரிய கேட்டை இழுத்துச் சாத்தி, அதிலிருந்த சின்னத் திட்டிவாசல் கதவையும் அடைத்தார். அவரிடம் போய், ஒரு பெண் வருவாள், பஸ்ஸில் ஏற்றவில்லை, அவள்மேல் தப்பில்லை என்று சொன்னேன்.

"தெனமும் பத்துப் பேருக்கு இதே கததேன்" என்றார். "ஒங்களுக்கு என்ன வேணும் அவ?"

உறவு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு மணி தாண்டி அடுத்த வண்டி வந்தது. எங்கிருந்தோ வருகிற வெளியூர் வண்டி, கெஞ்சி நிறுத்தியிருப்பார்கள். அதன் ஏணியில் தொங்கிக்கொண்டு வந்தாள் பாக்கியம். நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். கேட்டைத் தட்டினாள். வாட்ச்மேன் உள்ளேயே போய், சூப்பர்வைசரிடம் கேட்டு வந்து, திட்டிவாசலைத் திறக்காமலே ஏதோ சொன்னார். அவள் திரும்பத் தட்டவில்லை. மரத்தடிக்கு வந்து தூக்குச்சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பேர அடிச்சுட்டாகளா?" என்றேன், அவர்கள் பேச்சிலேயே.

"நாளைக்கு வந்து கூலிய வாங்கிக்கிறச் சொல்லிட்டாக." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஏன் இங்க நிக்குறீக? காலையில என்னமோ நாயம் பேசுனீகளே. யாரு நீங்க?"

"அந்தக் கதவச் செஞ்சவன்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தாள். "நல்லாத்தேன் செஞ்சிருக்கீக. ஒரு வெரலு நொழைய எடமில்ல."

கதவு தப்பில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன். படியைக் கழுவியவனுக்கு வேறு மாதிரி நினைக்க வராது. ஆனால் கதவு போட்ட முதலாளி கூடவே இன்னொரு வண்டியும் விட்டிருக்க வேண்டும். அதை விடாமல் கதவை மட்டும் மூடினால் உள்ளே இருப்பவன் பிழைக்கிறான், வெளியே நிற்பவளின் பிழைப்புப் போகிறது. பூட்டைப் போட்டுத் திறந்துவைத்தால் அவள் ஏறுகிறாள், என்றைக்கோ ஒரு நாள் விழுகிறாள். இரண்டில் எது வந்தாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. இதை மரத்தடியில் யோசித்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது முன்பே தெரியும்.

இரண்டேமுக்காலுக்குக் கதவு வண்டி சின்னாளபட்டிக்குத் திரும்புகிற வழியில் மில் வாசலுக்கு வந்தது. அதிகாரிகள் போய்விட்டார்கள். சங்கிலியும் பூட்டும் மறுபடி மாட்டியாகிவிட்டது. கதவு மடங்கித் திறந்து கிடந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர்தான். ரசாக் பாய் முழுசாக நிறுத்தினார்.

"ஏறும்மா" என்றார். "எடம் கெடக்கு, உக்காரு."

பாக்கியம் ஏறினாள். அதிகாரி உட்கார்ந்திருந்த அதே சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். முருகேசன் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை. வண்டி போயிற்று. கண்ணுக்கு மறைந்த பிறகும் பூட்டு தகட்டில் மோதுகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் கரூர் வந்துவிட்டேன். வந்த வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. படியில் நாலு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் கதவும் இல்லை.

பிறகு பத்திரிகையில் படம் வந்தது. மூடிய கதவு, முன்னால் முதலாளி. அதைப் பார்த்து மூன்று ஊர்களிலிருந்து மூன்று பஸ் முதலாளிகள் கதவு கேட்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். மூவரும் திண்டுக்கல்லில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கதவை மடித்துப் பூட்டுவதற்கு உறுதியான ஒரு வளையமும் வெல்டிங் வைத்துத் தர வேண்டுமாம். சங்கிலி சுற்றினால் பெயின்ட் கெட்டுவிடுகிறதாம்.

வளையம் வைப்பதானால் நான் கதவு செய்யமாட்டேன் என்று ஷெட் முதலாளியிடம் சொன்னேன். வேறு ஆள் செய்வான் என்றார். அது உண்மைதான்.

திண்டுக்கல் பக்கம் போன ஒரு லாரிக்காரரிடம் சொல்லி, ரசாக் பாயிடம் பாக்கியத்தைப் பற்றி விசாரித்தேன். மில்லில் திரும்பச் சேர்க்கவில்லை. முட்டை மட்டும் விற்கிறாள். காலை வண்டியில் வருகிறாள், காலை வண்டியிலேயே போகிறாள், படியில் நின்றுகொண்டு. மதிய வண்டிக்கு வெள்ளோடு பிரிவில் அவள் நிற்பதில்லை. ஆனாலும் ரசாக் பாய் அங்கே தினமும் முழுசாக நிறுத்துகிறாராம்.

நான் இப்போது அந்த ஆர்டர்களில் மூன்றாவது வண்டியின் கதவில் இருக்கிறேன். தகடு நல்ல தகடு. ரப்பர் ஓரம் ஒட்டினால் ஒரு விரல் நுழைய இடமிருக்காது. கைப்பிடிக்குப் பக்கத்தில் வளையத்துக்கு அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். மதியம் வெல்டிங் வைத்துவிடுவேன்.